நடை தூரத்துப் பள்ளி: அமெரிக்கப் புல்வெளியின் ஓரறைப் பள்ளிக்கூடங்கள்

கேள்வி: அமெரிக்காவின் நடுமேற்குப் புல்வெளியில் குடியேறியவர்கள் கட்டிய ஓரறைப் பள்ளிகள் எப்படித் தோன்றின, யார் செலவு செய்தார்கள், ஒரே ஆசிரியர் எட்டு வகுப்புகளை எப்படிச் சமாளித்தார், பிறகு ஏன் காணாமல் போயின?

முதலில் சுருக்கமாக. ஒரு குழந்தையின் கால் எவ்வளவு தூரம் நடக்கும், அந்த நடைக்குள் அடங்கும் நிலம் எவ்வளவு வரி தாங்கும் என்ற இரண்டு கணக்குகள்தான் இந்தப் பள்ளிகளைப் பிறப்பித்தன. அந்த இரண்டும் மாறியபோது பள்ளிகள் போய்விட்டன. கட்டடம், ஆசிரியர், பாடம், அடுப்பு எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கியவை. அமெரிக்கா முழுவதையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஆகவே நெப்ராஸ்காவை மையமாக வைத்து, தேவைப்படும் இடத்தில் மட்டும் பக்கத்து மாநிலங்களைத் தொடுகிறேன்.

நிலக் கணக்கிலிருந்து தொடங்குவோம். 1785ஆம் ஆண்டு நில அளவைச் சட்டம் மேற்குப் பகுதி நிலங்களைச் சதுரம் சதுரமாக வெட்டியது. 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைலுக்கு ஒரு மைலாக 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். இவற்றில் 16ஆம் எண் செக்‌ஷன் பள்ளிக்கென்று ஒதுக்கப்பட்டது. 1848இல் ஓரிகன் பிரதேசச் சட்டம் 36ஆம் எண்ணையும் சேர்த்தது. பிறகு வந்த நெப்ராஸ்காவுக்கு இரண்டும் கிடைத்தன.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் 16ஆம் செக்‌ஷனில்தான் கட்டப்பட்டது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த நிலம் விற்கவோ குத்தகைக்கு விடவோ ஒதுக்கப்பட்டது; அந்த வருமானம்தான் பள்ளிகளுக்குப் போனது. கட்டடம் நிற்பதற்கு யாராவது ஒரு விவசாயி தன் நிலத்தின் மூலையில் ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ கொடுப்பார். “பள்ளி நடக்கும்வரை மட்டும், அதன்பின் நிலம் எனக்கே” என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அதனால் பிற்காலத்தில் பள்ளி மூடியபோது, கட்டடத்தை ஏலம் எடுத்தவர் அதைப் பெயர்த்து உருளை மரங்களில் வைத்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இந்தச் சதுரங்கள் வெற்று நிலத்தில் போடப்பட்டவை அல்ல. உதாரணமாக, தென்கிழக்கு நெப்ராஸ்காவில் இருந்த ஓட்டோ-மிசூரியா மக்கள் 1854இல் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை ஒப்பந்தத்தில் இழந்து பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு சிறு ஒதுக்கிடத்துக்குள் ஒடுங்கினார்கள். 1881இல் அங்கிருந்தும் ஒக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பள்ளி நிதி என்று பின்னால் பேசப்பட்டதன் மூலதனம் இப்படி வந்த நிலம்தான்.

1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பம் 160 ஏக்கர் கேட்டுப் பெறலாம். ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். அதாவது ஒரு சதுர மைலுக்கு நாலு குடும்பம். 3 மைலுக்கு 3 மைல் ஒரு பள்ளி எல்லை என்று வைத்துக்கொண்டால் உள்ளே அதிகபட்சம் 36 பண்ணைகள். பள்ளி நட்டநடுவில் இருந்தாலும், மூலை வீட்டுப் பிள்ளை சாலை வழியே வந்தால் ஒன்றரை மைல் கிழக்கே, ஒன்றரை மைல் தெற்கே என்று 3 மைல், கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வயலுக்குக் குறுக்கே வந்தால் 2 மைலுக்குக் கொஞ்சம் கூட. பள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் ஊர்ச் சண்டைகள் அதிகம் வந்தன. நள்ளிரவில் கட்டடத்தையே இழுத்துக்கொண்டு போன கதைகள் பல கவுன்டிகளில் (மாநிலத்துக்குள் அடங்கிய நிர்வாகப் பிரிவுகள், ஏறத்தாழ நம் மாவட்டம் போல) உலவுவதற்கு அடிப்படை இந்த 3 மைல்தான்.

நிர்வாக அமைப்பு நம் கிராமப் பஞ்சாயத்தைவிடச் சின்னது. பெயர் என்னவோ ‘பள்ளி மாவட்டம்’. உள்ளே இருப்பது ஒரே பள்ளி. நெப்ராஸ்காவில் அதற்கு மூன்று பேர் கொண்ட வாரியம்: கூட்டத்தை நடத்துபவர், கணக்கு வழக்கும் கடிதமும் பார்க்கும் இயக்குநர், பொருளாளர். ஆண்டுக்கொருமுறை ஊர் கூடி இந்த வருடம் எத்தனை மாதம் பள்ளி, ஆசிரியருக்கு என்ன சம்பளம், விறகோ நிலக்கரியோ யார் கொண்டுவந்து போடுவது என்று முடிவு செய்யும். 1931-32இல் அமெரிக்காவில் சிறிதும் பெரிதுமாகப் பள்ளி மாவட்டங்கள் 1,27,000க்கு மேல் இருந்தன. இன்று சுமார் 13,000.

வரி எப்படிப் போட்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கே கணக்குப் பாடமாகக் கொடுத்தார்கள். கான்சாஸ் மாநிலம் சலைன் கவுன்டியின் 1895ஆம் ஆண்டு எட்டாம் வகுப்புத் தேர்வு என்று ஒரு வினாத்தாள் இணையத்தில் ஓயாமல் சுற்றிவருகிறது. பார், அந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று நம்மைச் சங்கடப்படுத்தத்தான் பெரும்பாலும் பகிர்கிறார்கள். அதைவிட அந்தக் கேள்விகள் எதைப் பற்றியவை என்று பார்ப்பது பயனுள்ளது. ஒரு கேள்வி: 33ஆம் எண் மாவட்டத்தின் சொத்து மதிப்பு 35,000 டாலர், மாதம் 50 டாலர் சம்பளத்தில் ஏழு மாதம் பள்ளி நடத்தி, சில்லறைச் செலவுக்கு 104 டாலரும் வேண்டுமானால் எவ்வளவு வரி போட வேண்டும்? ஏழு ஐம்பது 350, அதோடு 104 சேர்த்தால் 454. அதை 35,000ஆல் வகுத்தால் ஒரு டாலர் சொத்துக்கு ஏறத்தாழ 1.3 சென்ட். ஒரு பள்ளியின் முழு வரவு செலவும் இந்த ஒரு வரிதான். பதினான்கு வயதில் இதைப் போடத் தெரிந்தவன் இருபத்தைந்து வயதில் அந்த ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து நிஜமாகவே இதைப் போட வேண்டியிருந்தது.

அதே தாளில் இன்னொன்று: 2 அடி ஆழம், 10 அடி நீளம், 3 அடி அகலமுள்ள வண்டிப் பெட்டியில் எத்தனை புஷல் கோதுமை பிடிக்கும்? 60 கன அடி. ஒரு புஷல் என்பது 2,150.42 கன அங்குலம், அதாவது 1.2445 கன அடி, வகுத்தால் 48.2 புஷல். அடுத்த கேள்வியில் வண்டியோடு 3,942 பவுண்டு எடை, வண்டி எடை 1,050 பவுண்டு கழித்து, புஷல் 50 சென்ட் விலையில் எவ்வளவு பணம் என்று கேட்கிறார்கள். மீதி 2,892 பவுண்டு. கோதுமை புஷலுக்கு 60 பவுண்டு. விடை அதே 48.2 புஷல், 24 டாலர் 10 சென்ட். கேள்வி போட்டவர் ஒரே வண்டியை மனதில் வைத்திருந்தாரோ என்னவோ. தானியக் கிடங்குக்காரன் எடையில் ஏமாற்றுகிறானா என்று கண்டுபிடிக்கத் தேவையான கணக்கு இது.

முதல் கட்டடம் ஏன் மண்ணில் இருந்தது என்பதற்கும் வரிதான் விடை. ஹோம்ஸ்டெட் நிலம் ஐந்தாண்டு முடிந்து பட்டா கைக்கு வரும்வரை அரசு நிலம். அரசு நிலத்துக்கு வரி போட முடியாது. பள்ளி வைக்க வேண்டும், ஆனால் வரி போடச் சொத்து இல்லை. பலகை வாங்க ரயில் நிலையம்வரை வண்டி கட்டிப் போக வேண்டும், மரமோ ஓடைக்கரையில் மட்டும்தான். கையில் இருந்தது புல்தரையும் உழைப்பும். எனவே புல்தரையையே வெட்டிச் சுவராக்கினார்கள்.

அந்த வேலைக்கு ஒரு நேக்கு உண்டு. சாதாரணக் கலப்பை மண்ணைப் புரட்டி உதிர்த்துவிடும். இதற்கென்றே உள்ள கலப்பை புல்தரையை உடைக்காமல், சுமார் ஓர் அடி அகலமும் நாலு அங்குலத் தடிமனுமாக நீள வாரை உரித்துப் போடும். அந்த வாரை மண்வெட்டியால் இரண்டு மூன்று அடித் துண்டுகளாக வெட்டுவார்கள். தரை ஈரமாக இருக்கும்போதுதான் வெட்ட வேண்டும், காய்ந்தால் பொடியும். ஒரு நாளில் அடுக்க முடிந்த அளவுக்கே வெட்ட வேண்டும். மறுநாளைக்கு விட்டால் ஓரம் சுருங்கி வளையும். எருமைப்புல்லும் நீலத்தண்டுப் புல்லும் வேர் நெருங்கியவை, கட்டி உடையாது.

கட்டிகளைப் புல் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டிரண்டாக ஒட்டி அடுக்கினால் 2 அடிச் சுவர். மூன்றாவது வரிசைக்கு ஒருமுறை கட்டிகளைக் குறுக்கே போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு அடுக்கும் தனித்தனியே பிரிந்து சாயும். 16 அடிக்கு 20 அடி அறை, 7 அடி உயரம் என்றால் 2 அடி நீளக் கட்டியாக ஏறத்தாழ 1,500 வேண்டும். ஒரு கட்டி சுமார் 50 பவுண்டு. மொத்தம் 34 டன். நிலக் கணக்கில் சுவருக்கு மட்டும் 7 சென்ட் இடத்துப் புல்தரை போய்விடும். கூரையும் உடைசலும் சேர்த்தால் இன்னும் கூடும்.

கோட்டைவிடும் இடம் சன்னல். ஈர மண் காயக் காயச் சுவர் இறங்கும். நிலைச்சட்டத்துக்கு மேலே சில அங்குலம் இடைவெளி விட்டு, அதில் கந்தலோ வைக்கோலோ அடைத்துவிட வேண்டும். சட்டத்தின் மேல் நேராகச் சுவரை உட்கார வைத்தால் முதல் வருடமே கண்ணாடி தெறிக்கும். கட்டடத்துக்கென்று விலைக்கு வாங்கிய சில பொருள்களில் ஒன்று அந்தக் கண்ணாடி.

கூரைதான் தீராத தலைவலி. முகட்டு உத்திரத்திலிருந்து கைமரம், அதன்மேல் வில்லோ மிலார், அதன்மேல் மறுபடி புல்கட்டி. மழை ஒரு நாள் பெய்தால் உள்ளே மூன்று நாள் சொட்டும், சொட்டுவதும் சேறு. நனைந்த கூரையின் எடை தாங்காமல் உத்திரம் வளைந்தால் நடுவில் முட்டுக் கொடுக்க வேண்டும். மண்ணும் பாம்பும் தலையில் விழாமலிருக்க உள்ளே மெல்லிய துணியை இழுத்துக் கட்டுவார்கள். குளிருக்கும் வெயிலுக்கும் இதைவிட நல்ல சுவர் கிடையாது. ஆனால் இப்படிப்பட்ட கட்டடம் பெரும்பாலும் ஆறேழு ஆண்டுதான் தாங்கும். அதற்குள் பட்டா வந்துவிடும், வரி வரும், பலகைக் கட்டடம் எழும். நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுன்டியில் சாலமன் புட்சர் 1886 முதல் எடுத்த புகைப்படங்களில் இந்தப் புல்மண் கட்டடங்களை அவற்றின் உண்மை நிலையிலேயே பார்க்கலாம்.

எல்லாம் இப்படி மண்ணிலிருந்து பலகைக்குப் போகவில்லை. பியாட்ரிஸ் நகருக்கு மேற்கே இருக்கும் ஃப்ரீமன் பள்ளி 1872இல் செங்கல்லில் எழுந்தது. ஓர் அடித் தடிமன் சுவர், சன்னல் தலைகளில் சுண்ணாம்புக்கல். 1967வரை, 95 ஆண்டுகள் அதில் பாடம் நடந்தது. வழிபாட்டுக்கும் வாக்குப்பதிவுக்கும் விவாதக் கூட்டத்துக்கும் அதே அறைதான். இன்று அது ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி. படங்களில் வரும் ‘சின்னச் சிவப்புப் பள்ளி’யை நேரில் தேடுபவர்களுக்கு இது ஏற்றது. உண்மையில் பெரும்பாலான ஓரறைப் பள்ளிகள் வெள்ளை. ஏழை மாவட்டங்களில் சாயமே இல்லை.

பலகைக் கட்டடம் 20 அடிக்கு 30 அடி அளவில், இரு பக்கமும் மூன்று மூன்று சன்னலோடு இருக்கும். நடுவில் இரும்பு அடுப்பு. அருகில் இருப்பவன் வேக, மூலையில் இருப்பவன் விறைப்பான், மையும் உறையும், டப்பாவில் கொண்டுவந்த சோறு தண்ணியும் உறையும் (சோறு என்றது பேச்சுக்கு, உள்ளே இருந்தது ரொட்டி). விறகு இல்லாத ஊரில் மக்காச்சோளத் தக்கை, காய்ந்த சாணம், முறுக்கிய வைக்கோல் ஆகியவைதான் எரிபொருள். முறுக்கு வைக்கோல் நிமிடத்தில் எரிந்து தீரும்; அதைப் போட்டுக்கொண்டே இருக்க ஒரு பையன் தேவை. அவனுக்கு அன்று பாடம் கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடுப்பை மூலைக்குத் தள்ளி, சுற்றிலும் தகட்டு உறை போட்டு, வெளிக்காற்றைக் குழாயில் இழுத்துச் சூடாக்கி அறைக்குள் விடும் முறை வந்தது. ஒன்று வேகவும் ஒன்று விறைக்கவும் இருந்த நிலை அதன்பிறகுதான் மாறியது.

தண்ணீர்? மூலையில் ஒரு வாளி, அதில் ஒரு கரண்டிச் செம்பு, எல்லார் வாயும் அதில். காசநோயும் தொண்டை அடைப்பானும் பரவ இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. கான்சாஸ் மாநிலச் சுகாதார அதிகாரி சாமுவேல் கிரம்பைன் 1909இல் பொதுக் குவளைக்குத் தடை கொண்டுவந்தார். அமெரிக்காவில் அதுவே முதல். சிலேட்டும் இதே கதைதான். எச்சில் தொட்டுச் சட்டைக் கையால் துடைத்த சிலேட்டைப் பக்கத்துப் பிள்ளைக்கு நீட்டுவார்கள்.

இனி, எட்டு வகுப்புகளை ஒருவர் சமாளித்த கதைக்கு வருகிறேன். உண்மையில் தொடக்கத்தில் வகுப்பு என்று ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை எந்த வாசகப் புத்தகத்தில் இருக்கிறானோ அதுவே அவன் தரம். பத்து வயதுக்காரன் மூன்றாம் வாசகத்திலும் பதினைந்து வயதுக்காரன் இரண்டிலும் இருக்கலாம். யாரும் கேலி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1836இல் சின்சினாட்டியில் வெளிவரத் தொடங்கிய மெகஃபி வாசகங்கள்தான் பெரும்பாலும்.

ஆசிரியர் மேசைக்கு முன்னால் ஒரு நீள பெஞ்சு. பெயர் அழைத்ததும் அந்தக் குழு வந்து உட்கார்ந்து பாடம் ஒப்பிக்கும். மற்றவர்கள் இடத்திலிருந்து படிக்க வேண்டும். 9 மணிக்கு மணி, 4 மணிக்கு முடிவு. மதியம் ஒரு மணி நேரம், இடையில் இரண்டு கால்மணி இடைவேளை. மீதி 330 நிமிடம். எட்டுப் படிநிலை, வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணக்கு, இலக்கணம், புவியியல், வரலாறு என்று ஒரு நாளைக்கு 25 முதல் 30 ஒப்பித்தல் வந்துவிடும். அதாவது ஒரு குழுவுக்குப் பதினொரு நிமிடம், பதின்மூன்று நிமிடம். இந்த நேரத்தில் புதிதாக எதையும் விளக்க முடியாது. மனப்பாடம் செய்ததைக் கேட்டு அனுப்பத்தான் முடியும். மனப்பாடக் கல்வி என்று பின்னால் வந்தவர்கள் வைத்த குறை சரிதான், ஆனால் காரணம் ஆசிரியரின் சோம்பல் இல்லை, கடிகாரம். அனுபவமுள்ளவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் சேர்த்து ஒரு வருடம் ஏழாம் வகுப்பின் புவியியல், மறு வருடம் எட்டாம் வகுப்பின் புவியியல். ஒரே அடியில் ஒப்பித்தல் எண்ணிக்கை குறைந்தது.

எல்லாவற்றையும் குலைத்தது புத்தகம். ஒவ்வொரு குடும்பமும் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருப்பதைக் கொடுத்தனுப்பும். ஐந்து பிள்ளைகள், ஐந்து இலக்கணப் புத்தகம், எனவே ஐந்து வகுப்பு. மாநிலமும் கவுன்டியும் ஒரே பாடநூல் என்று வற்புறுத்திய பிறகே இது அடங்கியது. இன்னொரு கோளாறு ஆசிரியர் மாறுவது. ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு மட்டும். புதியவர் வரும்போது யார் எதுவரை படித்தார்கள் என்ற பதிவு இருக்காது. பாதுகாப்பாக முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். கணக்குப் புத்தகத்தின் முன்பாதியை நாலு முறை பார்த்தும் பின்பாதியை ஒருமுறைகூடப் பார்க்காமலும் பள்ளியை விட்டவர்கள் நிறைய. கவுன்டிக் கண்காணிப்பாளர்கள் வருகைப் பதிவேட்டோடு பாடப் பதிவேட்டையும் கேட்கத் தொடங்கியது இதற்காகத்தான்.

பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நாம் உடனே புரிந்துகொள்வோம். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான். ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 1789இல் எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், சென்னையில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் லண்டனில் அச்சிட்டு ‘மெட்ராஸ் முறை’யாகப் பரப்பினார். லண்டன் ஆசிரியர் ஜோசப் லங்காஸ்டரின் கைவழியாக இதே வகை 1806இல் நியூயார்க் நகருக்குப் போனது. ஆனால் அது நூற்றுக்கணக்கானவர்கள் அடைந்த நகரக் கூடங்களுக்கான முறை. நெப்ராஸ்கா ஓரறையில் பன்னிரண்டு வயதுப் பெண் ஆறு வயதுத் தம்பிக்கு எழுத்துக் காட்டியதற்கு எந்த முறையும் காரணமில்லை, வேறு ஆள் இல்லை என்பதே காரணம். இரண்டையும் கோத்து மெட்ராஸ் முறைதான் புல்வெளிக்குப் போனது என்று எழுதுவது மிகை.

ஆசிரியர் யார்? பெரும்பாலும் எட்டாம் வகுப்பு முடித்த, இன்னும் இருபது ஆகாத பெண். கவுன்டிக் கண்காணிப்பாளர் வைக்கும் தேர்வில் தேறினால் முதல், இரண்டாம், மூன்றாம் தரச் சான்றிதழ். மூன்றாம் தரம் மிகக் குறுகிய காலத்துக்கே செல்லும். பின்னாளில் புல்வெளி வாழ்க்கையைக் கதைகளாக எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டர் டகோட்டா பிரதேசத்தில் 1882 டிசம்பரில், 16 வயது நிறைய இரண்டு மாதம் இருக்கும்போதே ஆசிரியரானார். அவரைவிட மூத்த மாணவர்கள் இருப்பது அன்று சாதாரணம். குளிர்காலப் பருவத்தில் வயல் வேலை இல்லாத பெரிய பையன்கள் வந்து அமர்வார்கள்; அவர்களை அடக்க ஆண் ஆசிரியர் வேண்டும் என்று கூடுதல் சம்பளத்துக்கு ஆண்களையும், சிறு பிள்ளைகள் மட்டும் வரும் கோடைப் பருவத்துக்குக் குறைந்த சம்பளத்தில் பெண்களையும் வைத்த மாவட்டங்கள் ஏராளம். தங்குவது வீட்டுக்கு வீடு சுழற்சியில். உணவும் படுக்கையும் சம்பளத்தின் பகுதி. சில வீடுகளில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுக்க வேண்டும் என்பதால், 20ஆம் நூற்றாண்டில் நிலையான ஓர் அறைக்கு வாடகை கொடுத்துத் தங்கும் வழக்கம் வந்தது.

வருகை மோசம். 1869-70இல் நாடு முழுவதும் சராசரிப் பள்ளி ஆண்டு 132 நாள். சேர்ந்த பிள்ளை சராசரியாக வந்தது 78 நாள். விதைப்பும் அறுப்பும் மீதியைத் தின்றன. கட்டாயக் கல்விச் சட்டம் மாசசூசெட்ஸில் 1852இல் வந்தது, கடைசி மாநிலமான மிசிசிப்பியில் 1918இல்தான்.

நடை தூரம் உயிர் கேட்ட நாள் 1888 ஜனவரி 12. காலையில் பனி இளகி வெயிலடித்ததால் பிள்ளைகள் தடித்த மேலங்கி இல்லாமலே பள்ளிக்குப் போனார்கள். டகோட்டாவில் நடுப்பகலை ஒட்டியும், நெப்ராஸ்காவில் பள்ளி விடும் நேரத்திலும் பனிப்புயல் சுவர்போல வந்து விழுந்தது. பொடிப்பனியில் நீட்டிய கை தெரியாது. இறந்தவர்கள் சுமார் 235 என்பது பரவலான மதிப்பீடு, குழந்தைகள் அதிகம். அன்று யார் பிழைத்தார்கள் என்பதைத் தீர்மானித்தவற்றில் முக்கியமானது, பள்ளியில் அன்றிரவுக்கு எரிபொருள் இருந்ததா என்பது. இருந்த இடத்தில் கதவடைத்துக் கிடந்தார்கள். இல்லாத இடத்தில் வெளியேற வேண்டியிருந்தது. ஆர்ட் நகருக்கு அருகே மிரா பள்ளத்தாக்கில் மின்னி ஃப்ரீமனின் புல்மண் பள்ளியின் கூரையைக் காற்று பிய்த்தது. அவர் பிள்ளைகளைத் திரட்டி அருகிலிருந்த பண்ணை வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். (மேலே சொன்ன ஃப்ரீமன் பள்ளிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) பிளெய்ன்வியூ அருகே லோயிஸ் ராய்ஸ் மூன்று பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பி வழி தவறினார், மூன்று பிள்ளைகளும் இரவில் இறந்தார்கள், அவர் இரு பாதங்களையும் இழந்தார். விறகு வைப்பது யார் பொறுப்பு என்று ஊர்க் கூட்டத்தில் நடந்த அற்பச் சண்டைகளை இந்த நாளை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஓரறைக்குள் நடந்தது சில சமயம் நீதிமன்றம்வரை போனது. ஃப்ரீமன் பள்ளியில் ஆசிரியை எடித் பீச்சர் பைபிள் வாசித்து, பாடல் பாடி, ஜெபம் நடத்தினார். முதல் ஹோம்ஸ்டெட்காரர் என்று உரிமை கொண்டாடிய டேனியல் ஃப்ரீமன் அதை எதிர்த்தார். வாரியம் ஆசிரியை பக்கம் நின்றது. 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் ஃப்ரீமனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்புச் சடங்கைத் தடுத்தது 1963இல்தான். இன்னொன்று மொழி பற்றியது. முதல் உலகப் போர் வெறுப்பில் நெப்ராஸ்கா 1919இல், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஹாம்ப்டனில் ஓரறை லூத்தரன் பள்ளியில் ராபர்ட் மேயர் ஒரு பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிப்புச் சொல்லிக் கொடுத்ததற்கு 25 டாலர் அபராதம். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது.

கடைசிக் கேள்வி, ஏன் மறைந்தன. ஓராசிரியர் பள்ளிகள் 1917-18இல் சுமார் 1,96,000, 1929-30இல் 1,49,000, 1949-50இல் 60,000க்குச் சற்றுக் குறைவு, 1959-60இல் 20,000, 1970-71இல் 1,800. படிப்புத் தரம் குறைவு என்று கல்வித் துறையினர் 1900களிலிருந்தே பேசினார்கள், விவசாயிகள் அசையவில்லை. பள்ளி போனால் வரி போடும் உரிமையும் ஊர் கூடும் இடமும் சேர்ந்து போகும் என்று அவர்களுக்குத் தெரியும். சேற்றுச் சாலையில் பிள்ளைகளை வண்டியில் அனுப்பவும் மனமில்லை. அசைத்தது டிராக்டரும் சரளைச் சாலையும். பண்ணை பெரிதாகப் பெரிதாக, அதே 9 சதுர மைலில் குடும்பங்கள் குறைந்தன. மேலே சொன்ன 454 டாலர் கணக்கையே எடுங்கள்: 20 பிள்ளைகள் என்றால் தலைக்கு 22.70 டாலர், 5 பிள்ளைகள் என்றால் 90.80. ஆசிரியர் சம்பளம் பிள்ளை குறைந்தால் குறையாது. மறுபக்கம், பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பொதுப் பணம் செலவிடலாம் என்று மாசசூசெட்ஸ் 1869இலேயே சட்டம் போட்டிருந்தது. 1939இல் கல்விப் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாடு பள்ளிப் பேருந்துக்கு 44 தர விதிகளையும் அந்த மஞ்சள் நிறத்தையும் முடிவு செய்தது. 3 மைல் நடை 15 மைல் பேருந்துப் பயணமானதும் சின்னப் பள்ளி மாவட்டத்துக்கு நியாயம் இல்லாமல் போயிற்று. நெப்ராஸ்கா மட்டும் நெடுநாள் பிடிவாதமாக இருந்தது. அங்கே தொடக்கப் பள்ளி மட்டும் கொண்ட மாவட்டங்களை 2005இல் இயற்றிய சட்டம் 2006 நடுவில் கலைத்தது. அந்த நவம்பரில் மக்கள் வாக்களித்துச் சட்டத்தை ரத்து செய்தார்கள், அதற்குள் இணைப்பு முடிந்துவிட்டிருந்தது.

தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்கள் பெற்றோர் கட்டிய வரி வெள்ளையர் பள்ளிக்கே பெரும்பாலும் போனது. 1912 முதல் 1932வரை கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் தொடங்கிவைத்து, வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதியில் எழுந்த சுமார் 5,000 கிராமப் பள்ளிகளுக்கு அந்த மக்கள் தனியே பணமும் நிலமும் உழைப்பும் போட வேண்டியிருந்தது. அது தனியே எழுத வேண்டிய வரலாறு.

பழைய கட்டடத்தையோ படத்தையோ பார்த்துக் காலம் கணிக்க வேண்டுமானால் சன்னலை முதலில் பாருங்கள். இரு பக்கமும் சமமாக இருந்தால் 19ஆம் நூற்றாண்டு மரபு. ஒரு பக்கம் மட்டும் வரிசையாக நெருங்கி இருந்தால், வலக்கையால் எழுதுபவரின் நிழல் தாளில் விழாமலிருக்க இடப்பக்க வெளிச்சம் வேண்டும் என்ற 20ஆம் நூற்றாண்டுத் தொடக்க விதி. பல இடங்களில் பழைய சன்னலை அடைத்த தடம் சுவரில் தெரியும். முதுகில்லாத பெஞ்சு சுவரோரமாக இருந்தால் மிகப் பழையது. முன்னால் இருப்பவரின் இருக்கை பின்னால் இருப்பவரின் மேசையோடு வார்ப்பிரும்பில் இணைந்திருந்தால் அதற்குப் பிந்தையது. கூரையில் நட்டநடுவே புகைபோக்கித் துளை அடைபட்டு, சுவரோரம் செங்கல் புகைபோக்கி நின்றால், அடுப்பு நடுவிலிருந்து மூலைக்குப் போன பிறகும் அந்தப் பள்ளி நடந்திருக்கிறது.